கம்பெனி பெயரில் இன்னொரு வைஃபை தெரிந்தால் என்ன செய்வது?

ஓசூர் சிட்கோ தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு தொழிற்சாலையின் நிர்வாகி கேட்டிருக்கிறார்: "எங்கள் கம்பெனி வைஃபையின் பெயரிலேயே இன்னொரு வைஃபை சில நாட்களாகத் தெரிகிறது. நாங்கள் வைத்தது இல்லை. இணைப்பைத் துண்டிக்கும் சிறிய கருவி ஆன்லைனில் கிடைக்கிறது, அதை வாங்கி அந்த வைஃபையை முடக்கிவிடு என்கிறார் நண்பர். வாங்கலாமா?" கருவியைப் பற்றி மட்டும் என்றால் பதில் ஒரே சொல்: வேண்டாம். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது மூன்று கேள்விகள். அந்தச் சிக்னல் எங்கிருந்து வருகிறது? அது என் நெட்வொர்க்கோடு எங்காவது சேர்ந்திருக்கிறதா? சேர்ந்திருந்தால் சட்டப்படி நான் எதுவரை போகலாம்? மூன்றிலும் நடுவில் இருக்கும் கேள்விதான் முக்கியம். அதற்கு விடை கிடைக்காமல் மற்ற இரண்டில் எதைச் செய்தாலும் வீண்.

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரத்தில் சிறு, நடுத்தரத் தொழிற்சாலைகளுக்கு நெட்வொர்க் அமைத்துப் பராமரிப்பது என் தொழில். அதனால் தொழில்நுட்பம் பற்றிச் சொல்வதெல்லாம் கைப்பழக்கத்தில் இருந்து வருகிறது. நான் வழக்கறிஞன் அல்லன். ஆகவே சட்டத்தில் எழுதியிருப்பது எது, அதை வாசித்து நான் எடுத்துக்கொண்ட முடிவு எது என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன். புகார், வழக்கு என்று போகும் கட்டத்தில் கட்டாயம் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

முதலில் உங்கள் சொந்தப் பொருள்களைக் கணக்கெடுங்கள். "யாரோ வைத்துவிட்டார்கள்" என்று என்னை அழைத்த பல இடங்களில், வைத்தது அவர்களேதான். ஒரே ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் ஒரே பெயரில் ஒலிபரப்பும். ஸ்கேன் செய்யும் செயலியில் அது இரண்டு வரியாகத் தெரியும். சிக்னல் போதவில்லை என்று முன்பிருந்த மேலாளர் வாங்கி மாட்டிய ரிப்பீட்டர் ஏதாவது ஒரு அலமாரிக்குப் பின்னால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பிரின்டர், சிசிடிவி ரெக்கார்டர், கூரையில் போட்ட சோலாரின் இன்வெர்ட்டரில் செருகியிருக்கும் சிறு குச்சி என எல்லாவற்றுக்கும் சொந்தமாக வைஃபை உண்டு. இவற்றில் பலவற்றின் கடவுச்சொல் தயாரித்த நிறுவனம் வைத்தபடியே இருக்கும். ஆனால் இவை தம் சொந்தப் பெயரில் தெரியும். உங்கள் பெயரிலேயே தெரிகிறது என்றால் ரிப்பீட்டர் மேல்தான் முதல் சந்தேகம் விழ வேண்டும்.

இந்தக் கணக்கெடுப்பில் இணைய நிறுவனம் பொருத்திய ஃபைபர் மோடத்தை மறந்துவிடாதீர்கள். அதன் வைஃபையை யாரும் அணைப்பதில்லை. மோடத்துக்குப் பின்னால் நீங்கள் நல்ல ஃபயர்வால் (வெளியில் இருந்து வருவதை வடிகட்டும் காவல் பெட்டி) வைத்திருந்தாலும், மோடத்தின் வைஃபையில் சேர்பவர் அதற்கு வெளியிலேயே உங்கள் இணைப்பைப் பயன்படுத்துகிறார். உங்கள் கோப்புகள் அவருக்குத் தெரியாது, ஆனால் அவர் செய்வது எல்லாம் உங்கள் பெயரில் பதிவாகும். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குப் பொறுப்பேற்று வந்த மின்னஞ்சல் நவி மும்பையில் ஒரு வீட்டின் பாதுகாப்பற்ற வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. போலீஸ் முதலில் போய் நின்றது அந்த வீட்டு வாசலில்தான்.

சொந்தப் பொருள்களைக் கழித்த பிறகும் மிஞ்சுகிறது என்றால், பெயரை விட்டுவிட்டு மேக் முகவரியைப் பாருங்கள். ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்ட்டும், அதாவது வைஃபை ஒலிபரப்பும் பெட்டியும், தன் பெயரோடு 12 எழுத்து-எண் கொண்ட ஒரு முகவரியையும் ஒலிபரப்புகிறது. பெயரை மறைத்து வைத்தாலும் முகவரி மறையாது. முதல் 6 இடங்கள் தயாரித்த நிறுவனத்தைக் காட்டும். இரண்டாவது இடத்தில் 2, 6, ஏ, இ ஆகிய நான்கில் ஒன்று இருந்தால் அது நிறுவனம் பொறித்த முகவரி இல்லை, மென்பொருள் தானே உருவாக்கியது. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டுகள் பலவும் அப்படித்தான் தெரியும். பெரிய ஆக்சஸ் பாயின்ட்டுகளின் கூடுதல் பெயர்களும் சில நேரம் அப்படித் தெரியும். ஆக, இது ஒரு துப்பு. தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஏனென்றால் முகவரியை மாற்றி எழுதிக்கொள்வது எளிது.

இனி நடுக்கேள்விக்கு வருகிறேன். உங்கள் அலுவலகத்தில் வலுவாகத் தெரியும் ஒரு வைஃபை, பக்கத்து ஷெட்காரருடையதாக இருக்கலாம். சிட்கோவில் சுவரை ஒட்டிச் சுவர், ஆகவே அதில் குற்றம் எதுவும் இல்லை. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை 2005-லும், 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதி 2018-லும் உரிமம் தேவையில்லாதவையாக அறிவிக்கப்பட்டன. வரையறுத்த சக்திக்குள் யாரும் பயன்படுத்தலாம், ஒருவருக்கொருவர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும், இடையூறு வந்தால் பாதுகாப்புக் கேட்க உரிமை இல்லை என்பதுதான் அந்த அறிவிப்புகளின் சாரம். உங்கள் ஷெட்டுக்குள் இருக்கும் காற்றலைகூட உங்கள் சொத்து ஆகாது. உங்கள் சொத்து உங்கள் லேன் (அலுவலக உள் நெட்வொர்க்) கேபிளும், அந்தக் கேபிள்கள் வந்து சேரும் சுவிட்ச் என்ற பெட்டியும்தான். அந்தப் பெட்டி உங்கள் சுவிட்சில் செருகப்பட்டிருந்தால் அது உங்கள் நெட்வொர்க்கில் திறந்த கள்ளக் கதவு. ஆகவே தேடலைக் கேபிள் பக்கத்தில் இருந்து தொடங்குங்கள்.

நிர்வகிக்கக்கூடிய சுவிட்ச் இருந்தால் வேலை எளிது. எந்தப் போர்ட்டில் (கேபிள் செருகும் துளை) எந்த மேக் முகவரி பேசுகிறது என்ற பட்டியல் அதிலேயே இருக்கும். வீட்டு ரவுட்டர்களில் கேபிள் பக்க முகவரியும் வைஃபை பக்க முகவரியும் பெரும்பாலும் கடைசி ஓரிரு இடங்களில்தான் மாறும். காற்றில் பார்த்த முகவரிக்கு நெருங்கிய உறவினர் யாராவது அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று ஒப்பிடுங்கள். ஒரே போர்ட்டில் பல முகவரிகள் தெரிந்தால், அங்கே வைத்தவர் ரவுட்டரை வெறும் ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றி வைத்திருக்கலாம். அல்லது நீங்களே வைத்து மறந்த சிறு சுவிட்ச் இருக்கலாம். சிக்கலானது இன்னொரு வகை. ரவுட்டரை ரவுட்டராகவே செருகினால், அதற்குள் பத்துப் பேர் இருந்தாலும் உங்கள் சுவிட்சுக்கு ஒரே ஒரு முகவரிதான் தெரியும். "ஒரு போர்ட்டில் ஒரு முகவரிதான்" என்று நீங்கள் போட்டிருக்கும் கட்டுப்பாடு இதைப் பிடிக்காது.

அதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு கணினியும் அனுப்பும் தகவல் பொட்டலத்தில் டிடிஎல் என்ற எண் இருக்கும். விண்டோஸ் 128-இல் தொடங்கும். லினக்ஸும் ஆண்ட்ராய்டும் 64-இல் தொடங்கும். இடையில் ஒரு ரவுட்டரைத் தாண்டும்போது ஒன்று குறையும். உங்கள் உள் நெட்வொர்க்கில், எந்த ரவுட்டரையும் தாண்டாமல் வர வேண்டிய பொட்டலம் 127 என்றோ 63 என்றோ வந்தால், நடுவில் நீங்கள் அறியாத ரவுட்டர் ஒன்று நிற்கிறது என்று பொருள். ஒரே முகவரியில் இருந்து 127-உம் 63-உம் கலந்து வந்தால் சந்தேகம் ஏறத்தாழ உறுதியாகிவிடும். சில ரவுட்டர்களில் இந்த எண்ணைத் திருத்தி அனுப்ப முடியும் என்பதால், 128 மட்டுமே தெரிகிறது என்று நிம்மதி அடைந்துவிடவும் முடியாது. தெரிந்தால் ஆதாரம்; தெரியாவிட்டால் முடிவு எதுவும் இல்லை.

உங்களிடம் இருப்பது நிர்வாக வசதி இல்லாத சாதாரண சுவிட்சாகவே இருக்கும் என்று ஊகிக்கிறேன், இங்கே பெரும்பாலான சிறு ஆலைகளில் அப்படித்தான். கவலை வேண்டாம். முதலில் உங்கள் ரவுட்டரில் ஐபி முகவரி வாங்கியவர்களின் பட்டியலைப் பாருங்கள், ரவுட்டர்கள் தம் மாடல் பெயரையே அங்கே எழுதிவிடுவது உண்டு. ரவுட்டரிடம் வாங்காமல் நிலையான முகவரி வைத்த பெட்டி அந்தப் பட்டியலில் வராது. அதற்காக உங்கள் நெட்வொர்க் முழுவதையும் ஏஆர்பி ஸ்கேன் (ஒவ்வொரு ஐபியும் யாரிடம் இருக்கிறது என்று உள் நெட்வொர்க்கில் கேட்டுப் பார்ப்பது) செய்யுங்கள். சந்தேகமான ஐபி கிடைத்ததும், ஷிப்ட் மாறும் நேரத்திலோ விடுமுறை நாளிலோ ஒரு மடிக்கணினியில் இருந்து அதற்குத் தொடர்ந்து பிங் (இருக்கிறாயா என்று கேட்டுப் பதில் வாங்கும் சோதனை) ஓடவிட்டு, ரேக்கில் இருக்கும் கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகுங்கள். பதில் எந்தக் கேபிளோடு நிற்கிறதோ அந்தக் கேபிளைப் பின்தொடர்ந்து நடந்தால் போதும். பிங்குக்குப் பதில் சொல்லாத பெட்டியாக இருந்தால் ஏஆர்பி வழியிலேயே சோதியுங்கள். உள் நெட்வொர்க்கில் வேலை செய்யும் எந்தப் பொருளும் ஏஆர்பிக்குப் பதில் சொல்லாமல் தப்புவது கடினம்.

இப்படித் தேடும்போது உங்கள் துறையில் குறிப்பாகப் பார்க்க வேண்டியது சிஎன்சி (கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும்) இயந்திரங்களின் மின்பெட்டி. இயந்திரத்தை விற்றவர்கள் தூரத்தில் இருந்தே பழுது பார்ப்பதற்காகச் சிம் கார்டு போட்ட 4ஜி ரவுட்டர் ஒன்றை உள்ளே பொருத்தி, அதன் இன்னொரு முனையை உங்கள் லேனில் செருகிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. வேலை முடிந்ததும் அதை யாரும் கழற்றுவதில்லை. கெட்ட எண்ணம் இருக்காது, ஆனால் விளைவு ஒன்றுதான்: உங்கள் ஃபயர்வாலைத் தொடாமலே ஒரு பாதை உங்கள் டிராயிங் கோப்புகள் வரைக்கும் வருகிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலைகளில் இதே கதை வேறு வடிவில் நடக்கும். மாம்பழ சீசனில் எடை மேடைக்கும் லோடு பதிவுக்கும் தற்காலிகமாக ஒரு ரவுட்டரை வைப்பார்கள். சீசன் முடிந்து தற்காலிக ஆட்கள் போய்விடுவார்கள், ரவுட்டரும் அதன் கடவுச்சொல்லும் அங்கேயே இருக்கும்.

கேபிள் பக்கம் எதுவும் கிடைக்கவில்லை, ஆனாலும் உங்கள் பெயரில் வைஃபை தெரிகிறது என்றால், இனிக் காற்றில்தான் தேட வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்று போதும். ஆண்ட்ராய்டு 9-இல் இருந்து ஒரு செயலி 2 நிமிடத்துக்கு 4 முறைதான் ஸ்கேன் செய்ய முடியும் என்ற கட்டுப்பாடு உண்டு. புதிய பதிப்புகளில் டெவலப்பர் அமைப்புகளில் அதை அணைக்கலாம். அணைக்காமல் நடந்தால் திரையில் தெரிவது பழைய அளவு, நீங்கள் நிற்பது வேறு இடம். சிக்னல் மைனஸ் எண்ணில் காட்டப்படும். மைனஸ் 30-ஐ ஒட்டி வந்தால் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது; மைனஸ் 80 என்றால் வெகு தூரம் அல்லது பல சுவர்களுக்கு அப்பால். 5 கிகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பினால் அதையே பிடித்துக்கொண்டு நடங்கள், சுவரில் அது வேகமாகத் தேய்வதால் எந்த அறை என்பது சீக்கிரம் தெளிவாகும். கைப்பேசியை மார்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு மெல்ல ஒரு சுற்றுச் சுற்றுங்கள். எந்தப் பக்கம் பார்க்கும்போது எண் மிகவும் மோசமாகிறதோ, பெட்டி உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிறது, உங்கள் உடம்பே சிக்னலை மறைக்கிறது.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். தகரக் கூரையும் இரும்பு ரேக்கும் எந்திரங்களும் நிறைந்த ஷெட்டில் சிக்னல் எல்லாப் பக்கமும் பட்டுத் திரும்பும். ஒரே இடத்தில் நின்றாலும் எண் கணிசமாக ஏறி இறங்கும். ஆகவே ஒரு இடத்தில் அரை நிமிடமாவது நின்று சராசரி பாருங்கள். சிக்னல் அளவை வைத்து "இந்த அறையில்" என்று சொல்லலாம். "இந்த மேசையில் இருப்பவர்" என்று சொல்ல முடியாது. ஒரு தொழிலாளியின் மேல் பழி போட அந்த எண் போதாது.

தேடும் ஆர்வத்தில் அந்த வைஃபையில் சேர்ந்து பார்க்காதீர்கள். கடவுச்சொல் இல்லாமல் திறந்திருந்தாலும் வேண்டாம். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஒரு கணினி நெட்வொர்க்கை அணுகுவதையே தவறு என்கிறது. கதவு திறந்திருந்தது என்பது அனுமதி ஆகாது. கம்பியில்லா இணைப்பும் கணினி நெட்வொர்க்தான் என்று சட்டத்தின் வரையறையிலேயே இருக்கிறது. அந்தப் பெட்டி பக்கத்து ஷெட்காரருடையது என்று தெரியவந்தால், தவறு செய்தவர் நீங்களாகிவிடுவீர்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. அது உண்மையிலேயே பொறியாக வைக்கப்பட்டிருந்தால், நீங்கள் சேர்வதைத்தான் வைத்தவர் எதிர்பார்க்கிறார். காற்றில் யாவரும் பார்க்கும்படி ஒலிபரப்பாகும் பெயர், முகவரி, சேனல், அளவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்வதோடு நில்லுங்கள். பிறர் அனுப்பும் தகவலின் உள்ளடக்கத்தைப் பதிவு செய்யாதீர்கள்.

இப்போது அந்தக் கருவி. அது செய்வது இதுதான்: ஆக்சஸ் பாயின்ட் அனுப்பியது போலப் பொய் வேடமிட்டு, "இணைப்பு முடிந்தது, வெளியேறு" என்ற உத்தரவை இடைவிடாமல் அனுப்பும். இந்தச் செயலுக்குச் சட்டத்தில் தனிப் பெயர் எதுவும் இல்லை. ஆனால் அதே 43-ஆம் பிரிவு, நெட்வொர்க்கின் இயக்கத்தைக் குலைப்பதையும் உரிமை உள்ளவருக்கு அணுகலை மறுப்பதையும் தனித்தனி உட்பிரிவுகளாகச் சொல்கிறது. இவற்றை நேர்மையற்ற அல்லது ஏமாற்றும் எண்ணத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் செயலுக்கு 66 பொருந்துமா என்பது எண்ணத்தைப் பொறுத்தது, அங்கே வாதத்துக்கு இடம் உண்டு. 43-க்கு அந்த வாதம் உதவாது. அனுமதி இல்லாமல் செய்தாலே போதும், பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம். இது சட்ட வாசகத்தில் இருந்து நான் எடுக்கும் முடிவு. வாசகம் தெளிவாக இருப்பதால் தயக்கம் இல்லாமல் எடுக்கிறேன்.

அலைவரிசையையே இரைச்சலால் மூடும் ஜாமர் இன்னும் மோசம். அரசு குறிப்பாக அனுமதித்தால் தவிர ஜாமர் பயன்படுத்துவது சட்டவிரோதம், தனியார் நிறுவனங்களும் தனிநபர்களும் அதை வாங்கவோ பயன்படுத்தவோ முடியாது என்று தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூலையில் வெளிப்படையாக அறிவுறுத்தியது. அதே ஆண்டு ஜனவரியில், அவற்றை விற்க வேண்டாம் என்று ஆன்லைன் விற்பனை நிறுவனங்களுக்கும் எழுதியிருந்தது. ஒரு பொருள் ஆன்லைனில் கிடைக்கிறது என்பதால் அதை வைத்திருக்கலாம் என்று ஆகிவிடாது.

பெரிய நிறுவனங்கள் செய்யவில்லையா என்று கேட்கலாம். செய்தார்கள். அமெரிக்காவில் மேரியட் ஹோட்டல் குழுமம், நாஷ்வில்லில் தன் விடுதியில் விருந்தினர்களின் சொந்த ஹாட்ஸ்பாட்டுகளை இதே முறையில் துண்டித்ததற்காக 2014-இல் 6 லட்சம் டாலர் கட்டியது. அடுத்த ஆண்டு ஸ்மார்ட் சிட்டி என்ற மாநாட்டு அரங்க இணைய நிறுவனம் ஏழரை லட்சம் டாலர் கட்டியது. அது அமெரிக்கச் சட்டம், இங்கே நேரடியாகப் பொருந்தாது. ஆனால் "என் கட்டடம், என் பாதுகாப்பு" என்ற வாதம் அங்கே எடுபடவில்லை என்பதைக் கவனியுங்கள். சிஸ்கோ நிறுவனத்தின் கன்ட்ரோலரில் (பல ஆக்சஸ் பாயின்ட்டுகளை நிர்வகிக்கும் கருவி) இத்தகைய வசதி உள்ளேயே இருக்கிறது. அதை இயக்கப் போனால் சட்ட விளைவு இருக்கலாம் என்று எச்சரிக்கை காட்டித்தான் மேலே விடும். போதாக்குறைக்கு, கருவி பலன் தருவதும் குறைந்துகொண்டே வருகிறது. வைஃபையின் புதிய பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3-இல் இத்தகைய உத்தரவுகளும் சரிபார்க்கப்படுவதால், போலி உத்தரவைக் கைப்பேசி தள்ளிவிடும்.

உங்கள் சுவிட்சின் போர்ட்டை அணைப்பதற்கோ, உங்கள் கேபிளைப் பிடுங்குவதற்கோ யாருடைய அனுமதியும் தேவையில்லை. கள்ளக் கதவு உங்கள் லேனில் இருந்தால் அந்த ஒரு செயலே அதை மூடிவிடும். ஆனால் பிடுங்குவதற்கு முன் சில நிமிடங்கள் பொறுத்து, பெட்டி இருந்தபடியே, கேபிள் எங்கே போகிறது என்பது தெரியும்படி புகைப்படம் எடுங்கள். வரிசை எண், மேக் முகவரி, போர்ட் எண், நேரம் ஆகியவற்றைக் குறித்து, உடன் இருந்த இருவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அதன் பிறகு லேன் கேபிளை மட்டும் கழற்றுங்கள், மின்சாரத்தை விட்டு வையுங்கள். யார் யார் சேர்ந்தார்கள் என்ற பதிவு பல ரவுட்டர்களில் மின்சாரம் போனால் அழிந்துவிடும். ரீசெட் பொத்தானைத் தொடவே வேண்டாம். பெட்டியின் நிர்வாகப் பக்கத்துக்குள் கடவுச்சொல்லை ஊகித்து நுழையவும் வேண்டாம், அது யாருடையது என்று இன்னும் தெரியாது.

ரவுட்டர், ஃபயர்வால் பதிவுகளை உடனே பிரதி எடுத்து, ஒவ்வொரு கோப்புக்கும் ஹாஷ் எண் (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) குறித்து வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணு ஆதாரத்தோடு தர வேண்டிய சான்றிதழில் ஹாஷ் எண்ணையும் கேட்கிறது. சான்றிதழின் இரண்டாம் பகுதியை ஒரு நிபுணர் நிரப்ப வேண்டும். ஆறு மாதம் கழித்து இதைத் தேடினால் பதிவே இருக்காது.

வைத்தவர் உங்கள் ஊழியர் என்று தெரியவந்தால், தயவுசெய்து முதல் நாளே வேலையை விட்டு அனுப்பிவிடாதீர்கள். பெரும்பாலும் காரணம் எளியது: பட்டறையின் மூலையில் சிக்னல் வரவில்லை, கேட்டும் யாரும் கவனிக்கவில்லை, ஒரு ரவுட்டரை வாங்கிச் செருகிவிட்டார். சொந்த ரவுட்டர் செருகக்கூடாது என்று எழுதி, கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறீர்களா? இல்லை என்றால் உங்கள் நிலை பலவீனமானது, நியாயப்படியும் அவரைக் கடிந்துகொள்ள உங்களுக்குப் பெரிய இடம் இல்லை. எழுதி வைத்திருந்தால் குறிப்பாணை, எழுத்துப்பூர்வ விளக்கம், தேவையானால் உள்விசாரணை என்ற வரிசையில் போங்கள். அவருடைய கைப்பேசியைப் பிடுங்கிப் பார்க்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. வெறும் கைப்பேசி ஹாட்ஸ்பாட் என்றால் அது உங்கள் நெட்வொர்க்கைத் தொடவே இல்லை. கம்பெனி மடிக்கணினி அதில் சேர்ந்தால்தான் பிரச்சினை, அதை மடிக்கணினியில்தான் தடுக்க வேண்டும்.

பக்கத்து ஷெட்டில் இருந்து வருகிறது என்று தெரிந்தால் நேரில் போய்ப் பேசுங்கள். "அண்ணே, உங்கள் ரவுட்டர் எங்கள் பெயரில் தெரிகிறது, கொஞ்சம் பாருங்கள்" என்றால் முடிந்துவிடும் விஷயங்களே அதிகம். பழைய ரிப்பீட்டரைக் கைமாற்றி வாங்கியவர், அதில் உங்கள் பெயர் இருப்பதையே அறியாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் பெயரை வேண்டுமென்றே வைத்து, சேர்பவரிடம் கடவுச்சொல் கேட்கும் பக்கம் காட்டுகிறது என்று உங்கள் ஆட்கள் யாராவது சொன்னால், அது வேறு விஷயம். உங்கள் வளாகத்துக்கு வெளியே இருந்தால் அதைத் தேடிப் பிடிக்கப் போகாதீர்கள். கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66-டி பிரிவில் வருகிறது. மாவட்டக் காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். இந்தச் சட்டத்தின் குற்றங்களை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்பதால், உள்ளூர் நிலையத்தில் கொடுத்தாலும் அங்கேதான் போய்ச் சேரும். 1930 என்ற எண் முக்கியமாகப் பண மோசடிக்கானது. பணம் போயிருந்தால் மட்டும் அதை முதலில் அழையுங்கள்.

செர்ட்-இன் என்ற மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டுமா என்பதில் குழப்பம் அதிகம். 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட அதன் உத்தரவு கம்பெனிகளுக்கும் பொருந்தும். அனுமதியற்ற அணுகல், தகவல் கசிவு போன்றவற்றைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். இது உறுதி. ஊழியர் ஒருவர் சிக்னலுக்காகச் செருகிய ரவுட்டர் 6 மணி நேரக் கெடுவுக்குள் வருமா என்பது உறுதி இல்லை, ஏனென்றால் கடுமையான சம்பவங்களையே அந்தக் கெடு குறிக்கிறது என்று பின்னர் வெளியிட்ட விளக்கத்தில் செர்ட்-இன் கூறியது. வெளியாள் உள்ளே நுழைந்ததற்கோ கோப்பு வெளியே போனதற்கோ தடயம் இருந்தால் தயங்காமல் தெரிவித்துவிடுங்கள் என்பது என் கருத்து. தெரிவிப்பதால் நஷ்டம் இல்லை.

இனிமேல் இப்படி நடக்காமல் இருக்க நான் முதலில் செய்யச் சொல்வது, பயன்படாத சுவிட்ச் போர்ட்டுகளை அணைப்பதும் ரேக்குக்குப் பூட்டுப் போடுவதும். அடுத்து, ஒரே வைஃபை கடவுச்சொல்லை எல்லோருக்கும் கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள். வேலையை விட்டுப் போனவருக்கும் அது தெரியும். அதே பெயர், அதே கடவுச்சொல்லோடு அவர் ஒரு பெட்டியை வைத்தால் உங்கள் கைப்பேசிகள் கேள்வி கேட்காமல் அதில் சேர்ந்துவிடும். ஆளுக்கொரு பயனர் பெயர் தரும் எண்டர்பிரைஸ் முறைக்கு மாறி, சேரும் முன் உங்கள் சர்வரின் சான்றிதழைக் கைப்பேசி சரிபார்க்கும்படி அமைத்தால் இந்த வழி அடைபடும். சிஎன்சி இயந்திரங்களையும் சிசிடிவியையும் அலுவலகக் கணினிகளில் இருந்து தனி விலேனில் (அதே சுவிட்சுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) பிரித்துவிடுங்கள். தொழிலாளர் ஓய்வறைக்கு நல்ல விருந்தினர் வைஃபை ஒன்றைக் கொடுங்கள், கள்ள ரவுட்டருக்கான தேவையே பாதி குறையும்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. உங்கள் சர்வரில் இருக்கும் டிராயிங்குகள் உங்களுடையவை இல்லை, வாடிக்கையாளருடையவை. அவர்களோடு போட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை இன்றே எடுத்து, பாதுகாப்பு மீறல் நடந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள். அந்தக் கெடு, சட்டம் தரும் கெடுவை விடக் குறைவாகவும் இருக்கலாம். பெட்டி உங்கள் லேனில் இருந்தது என்று உறுதியானால், கோப்பு போனதா என்பது தெரியும் வரை காத்திருக்காமல், கண்டது இது, அணைத்தது இந்த நேரம், ஆராய்ந்துகொண்டிருக்கிறோம் என்று அவர்களுக்கு எழுதிவிடுங்கள்.